நடுவில் ஒரு ‘ஆனா’

நான் நாளைக்கே போய்ச் சேர்ந்துவிட்டாலும் இந்த மனுஷன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டான். சுவரில் இருக்கிறவளோடு சந்தோஷமாகக் குடித்தனம் நடத்துவான். அவள் அதட்டமாட்டாள். ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டால் முறைக்கமாட்டாள். எல்லாவற்றுக்கும் மேலாக, வெயிலே படாத நிறம்.

செருப்பின் வாரைப் பூட்டிக்கொண்டே வெனிங் இப்படி நினைத்தபோது, அவளுடைய கணவன் ஹண்டோகோ நிஜமாகவே அந்தப் படத்துக்கு முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தான். வீட்டில் இரண்டு நல்ல கண்ணாடிகள் இருந்தும், தங்களுடைய கல்யாணப் படத்தின் கண்ணாடியில் முகம் பார்ப்பதுதான் அவன் வழக்கம்.

“லேப்டாப் வாங்கப் போறல்ல? ரேம் பெருசா இருக்கான்னு பாரு. மத்ததெல்லாம் அப்புறம்” என்றான்.

“ரேம்னா என்னன்னு தெரியுமா மஸ்?” கணவனை அவள் ‘மஸ்’ என்றுதான் கூப்பிடுவாள்.

“பெருசா இருக்கணும்னு தெரியும்.”

“ஆமா, ஃப்ரிட்ஜ் வாங்கறப்பவும் இதத்தான் சொன்னீங்க.”

ஹண்டோகோ சீப்பைப் பையில் வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். “பாத்தியா? நீ இருந்த காலத்துல எனக்கு இந்த வீட்டுல ஒரு மரியாதை இருந்துச்சு.”

இந்த விளையாட்டை ஆரம்பித்து வைத்தது தண்ணீர் கேன் போடும் ஆள். கேனை இறக்கிவிட்டு மூச்சு வாங்க நின்றவர், சுவரைப் பார்த்து, “இது யாருங்க பாக்?” என்று ஹண்டோகோவிடம் மரியாதையாகக் கேட்டார். படத்தில் இருந்த அதே வெனிங் பக்கத்திலேயேதான் நின்றிருந்தாள். கையில் துடைப்பம், தலையில் ரப்பர் பேண்டு. ஹண்டோகோ கண் இமைக்காமல், “என் மொதல் சம்சாரம்” என்றான். அந்த மனிதர் தொப்பியைக் கழற்றிவிட்டார். அன்றிலிருந்து சுவரில் இருப்பவள் முதல் மனைவி, வெனிங் இரண்டாந்தாரம். முதல் மனைவி கோபப்பட்டதே இல்லை. முதல் மனைவி அரைத்த மிளகாய்ச் சம்பலுக்கு ஈடு கிடையாது. முதல் மனைவியின் அம்மா வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவார்.

வெனிங்கும் சிரிப்பாள். சிரிக்காமல் இருக்க முடியாது, அவன் சொல்கிற விதம் அப்படி. ஆனால் பகலில் தனியாக வீடு பெருக்கும்போது சில சமயம் தலை நிமிர்ந்து பார்ப்பாள். நெற்றியில் கறுப்பு மையால் வரைந்த வளைவுகள், கொண்டையிலிருந்து தொங்கும் மல்லிகைச் சரம், பால் போன்ற கழுத்து. அப்போது வெனிங்குக்கு யாரோ ஒருத்தியின் வீட்டை அவள் இல்லாத நேரத்தில் பெருக்கிக்கொண்டிருப்பது போல இருக்கும். சீக்கிரம் முடித்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள்.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இன்னொன்றையும் சொன்னதில்லை. அந்தப் படத்தை முதன்முதலில் ஸ்டூடியோவில் பார்த்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம். இதை எப்படிச் செய்தீர்கள் என்று ஸ்டூடியோக்காரரிடம் கேட்டாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும்மா, காட்டுகிறேன் என்றார் அவர். அப்படி உட்கார்ந்தவள்தான். இன்று சுரபாயாவில் பாதிக் கல்யாணப் பெண்கள் அவள் கை பட்டுத்தான் சுவர் ஏறுகிறார்கள். “மங்லிங்கி!” என்பார்கள் படத்தைப் பார்க்கிறவர்கள். பெண்ணை அடையாளமே தெரியவில்லையாம். கல்யாண வீட்டில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

வாசலில் ஹாரன் அலறியது. தங்கை பலுபி வாடகைக் காரிலிருந்து கையை நீட்டி ஓட்டுநரின் ஹாரனைத் தானே அடித்துக்கொண்டிருந்தாள்.

“ம்பாக்! வா வா! கடையைச் சாத்திடுவான்!” அக்காவானாலும் அறிமுகமில்லாத பெண்ணானாலும் அந்த ஊரில் ‘ம்பாக்’தான்.

“காலை பத்து மணிக்கா சாத்துவான்?”

“நீ தேர்ந்தெடுக்கிற அழகுக்குச் சாத்திடுவான்.”

பலுபிக்கு அடுத்த வாரம் கல்யாணம். நகராட்சி நீச்சல் குளத்தில் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லித்தருகிறவள் அவள். நாள் முழுக்க வெயில், தண்ணீர், கூச்சல். குரலும் அதற்கேற்றபடி அமைந்துவிட்டது. பக்கத்தில் இருப்பவரிடமும் குளத்தின் மறு கரைக்குச் சொல்வது போலத்தான் பேசுவாள். மாப்பிள்ளை கினாஞ்சர் பாண்டுங்காரன். வேலைக்காகச் சுரபாயா வந்தவன், வளர்ந்த ஆள், ஆறு வயதுப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் சேர்ந்து நீச்சல் கற்றுக்கொள்ள வந்தான். கடைசிவரை மிதக்கக் கற்றுக்கொள்ளவில்லை. கல்யாணம்தான் நிச்சயமானது.

லேப்டாப் வாங்கவேண்டி வந்ததற்கும் பலுபிதான் காரணம். மண்டப வாசலில் ஆளுயரத்துக்கு வைக்கப்போகும் படத்தை வெனிங் சரிசெய்ய உட்கார்ந்த அன்று, மேற்பார்வை பார்க்கிறேன் என்று சாக்லேட் ஊற்றிய அவகாடோ ஜூஸோடு வந்து சேர்ந்தாள். “இங்க, ம்பாக், இந்தக் கன்னத்துல” என்று விரலை நீட்டினாள். விரலோடு கிளாஸும் நீண்டு விசைகளின் மேல் கவிழ்ந்தது. திரையில் பலுபியின் முகம் ஒரு நொடி பச்சையாகி, பிறகு ஊதாவாகி, ஒரேயடியாக அணைந்துபோனது. படங்கள் கேமராவின் கார்டில் பத்திரமாக இருந்தன. லேப்டாப்தான் சாக்லேட் வாசனையோடு கண்ணை மூடியது. “தன் படத்துக்குத் தானே ஜூஸ் ஊட்டிட்டாளே” என்றான் ஹண்டோகோ. புதியதற்குப் பாதிப் பணம் என்னுடையது என்று பலுபி அப்போதே சொல்லிவிட்டாள்.

கார் நகர்ந்ததும் அவள் குரல் இறங்கியது. பலுபியின் குரல் இறங்கினால் வெனிங் ஜாக்கிரதையாகிவிடுவாள்.

“நான் சொன்னது ஞாபகம் இருக்குல்ல?”

“என்ன சொன்ன?”

“விளையாடாத. ரெண்டு புள்ளி. படத்துல என் மூஞ்சிக்கு வெறும் ரெண்டு புள்ளி வெளுப்பு கூட்டு.”

“நம்ம வீட்டுல எல்லாருமே சப்போட்டா நிறம்தான் உபி. உனக்கு மட்டும் என்ன வந்துச்சு?”

“ஒரே ஒரு நாள் லாங்சாட் பழமா இருந்துக்கறேனே. வெளிர் மஞ்சளா, பளபளன்னு.”

“லாங்சாட்டை உரிச்சா கையெல்லாம் பிசின் ஒட்டும்.”

பலுபி சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “நிச்சயதார்த்தம் அன்னிக்கு கினாஞ்சரோட அம்மா என் கன்னத்தைத் தடவி என்ன சொன்னாங்க? நீயும் பக்கத்துலதானே நின்ன.”

“பாராட்டினாங்க.”

“என்ன சொன்னாங்க?”

வெனிங்குக்கு நினைவிருந்தது. “கறுப்பு, ஆனா இனிப்புன்னு சொன்னாங்க.”

“நம்ம ஊர்ல அதை எப்படிச் சொல்லுவாங்க?”

“கறுப்பினிப்பு.”

“ஒரே மூச்சுல சொல்லுவாங்கல்ல? வெல்லக்கட்டி மாதிரி. பஸ் கண்டக்டர்கூட அப்படித்தான் சொல்றான். இந்த அம்மா நடுவுல நின்னு ஒரு ‘ஆனா’ போட்டாங்க.” அவள் கண்ணாடியில் விரலால் ஏதோ கோடு இழுத்தாள். “நல்லவங்கதான் ம்பாக். எனக்குத் தைக்கறதுக்குத் துணி எடுத்து அனுப்பியிருக்காங்க. வேணும்னே சொல்லல. அதான் கஷ்டமா இருக்கு. மண்டப வாசல்ல பாண்டுங்லேர்ந்து ரெண்டு பஸ் நெறைய ஆளுங்க வந்து எறங்குவாங்க. மொதல்ல அந்தப் படத்தைத்தான் பாப்பாங்க. அந்த ‘ஆனா’ அவங்க வாயில வரக் கூடாது.”

வெனிங் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அதைப் பலுபி சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். வெனிங்கும் அதைத் திருத்தவில்லை. ரெண்டு புள்ளிதானே, யாருக்குத்தான் செய்யவில்லை என்று அவளுக்கே தோன்றியது. ஆனாலும் மனசுக்குள் எங்கோ யாரோ சுவர்ப் படத்துக்கு முன்னால் நின்று தலை வாருகிற மாதிரி இருந்தது.

கடையில் அவர்களைப் பிடித்துக்கொண்ட விற்பனையாளன் பெயர் டானு. சட்டைப் பையில் ஐந்து பேனா, வாய் நிறைய சிரிப்பு.

“எதுக்கு வேணும் ம்பாக்? ஆபீஸா, கேமா?”

“போட்டோ எடிட்டிங்.”

“அப்ப இதுதான்!” என்று ஒன்றைத் திறந்தான். விசைகள் எல்லாம் சிவப்பு, நீலம், பச்சை என்று அலை அலையாக எரிந்தன. “ஏழு நிறத்துல எரியும். பாட்டுக்குத் தகுந்த மாதிரி ஆடும்.”

“நான் கல்யாணப் பொண்ணுங்க மூஞ்சியைச் சரிபண்றவ தம்பி. சர்க்கஸ் நடத்தறவ இல்ல.”

“கல்யாணப் பொண்ணா? அப்ப ரேம் பெருசா வேணும்.”

“எங்க வீட்டுக்காரரு உங்களுக்குப் போன் பண்ணினாரா?”

வெனிங் லேப்டாப் வாங்குவதற்கு ஒரு முறை வைத்திருந்தாள். படத்தை அவள் எப்போதும் கொடுக்கும் அச்சகத்தில், எதையும் தொடாமல் எடுத்தது எடுத்தபடி ஒரு தாளில் அச்சடித்துக்கொள்வாள். அதே படத்தைக் கடையில் திரையிலும் போடுவாள். தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பாள். இரண்டும் ஒரே பேச்சைப் பேசினால் அது நல்ல லேப்டாப். வேகம், எடை, பேட்டரி எல்லாம் அதற்கு அப்புறம்தான். அன்று காலை அச்சடித்து வாங்கியிருந்தது மண்டப வாசலில் வைக்கப்போகும் பலுபியின் படம். கெஞ்சரான் கடற்கரையில் எடுத்தது. காற்றில் பறந்த முடி வாய்க்குள் போக, அதைத் துப்பப்போய்ச் சிரித்துவிட்ட தருணம்.

“யாரு இதை அச்சடிச்சது?” பலுபி தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். “என்னை அடுப்புல வச்சு எடுத்த மாதிரி இருக்கு.”

“உன்னை வெயில்லதான் வச்சு எடுத்தோம்.”

எரியும் விசைகள் உள்ள லேப்டாப்பில் படம் திறந்தது. மூவரும் குனிந்தார்கள். திரையில் பலுபி வெள்ளை வெளேரென்று சிரித்தாள். நீலம் தூக்கலாக இருந்த திரை அது. கடல்கூட மருந்துக் கடைப் பலகை போலிருந்தது. டானு படத்தைப் பார்த்தான், பலுபியைப் பார்த்தான், மறுபடி படத்தைப் பார்த்தான்.

“இது நீங்களா ம்பாக்? மங்லிங்கி! அடையாளமே தெரியலையே!”

பலுபியின் முகம் மலர்ந்துவிட்டது. “இதுதான். பில் போடுங்க.”

“கொஞ்சம் பொறு.”

“பொறுக்கறதுக்கு என்ன இருக்கு? மனுஷன் பாத்தவுடனே சொல்லிட்டாரு.”

“இந்த மனுஷன் அடையாளம் தெரியலன்னு சொன்னாரு.”

“அதத்தானே நான் கேக்கறேன்!”

வெனிங் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். அக்காவும் தங்கையும் போல இருந்தன இரண்டு பலுபிகளும், அதுவும் ஒன்றுவிட்ட சித்தப்பா மகள் போல. “இங்க பாரு உபி. இந்தத் திரை பொய் சொல்லுது. நான் இதுல வேலை செஞ்சா என்ன நடக்கும்? பொண்ணு வெளிறிப் போயிருக்காளே, காய்ச்சல்காரி மாதிரி இருக்காளேன்னு நான் மஞ்சளைக் கூட்டுவேன், கொஞ்சம் இருட்டையும் கூட்டுவேன். திரையில அழகா இருக்கும். தாள்ல அச்சடிச்சு வந்தா நீ ராவோன் குழம்புல முக்கி எடுத்த மாதிரி இருப்ப.”

மாட்டிறைச்சி ராவோனின் கருநிறத்தை ஒரு கணம் எல்லோரும் மனதில் பார்த்தார்கள். டானு எச்சில் விழுங்கினான். மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

பலுபி யோசித்தாள். அவள் யோசிக்கும்போது பெருவிரல் நகத்தைக் கடிப்பாள். கடித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். அந்தக் கண்களைப் பார்த்தவுடனேயே, இதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று வெனிங்குக்குப் புரிந்துவிட்டது.

“அப்ப என்னைக் கறுப்பா காட்டற லேப்டாப் வாங்கினா?”

“உபி…”

“நீ அதுல என்னைப் பாத்துப் பாவப்படுவ. அய்யோ என் தங்கச்சின்னு வெளுப்ப. வெளுத்துக்கிட்டே இருப்ப. தாள்ல வந்தா லாங்சாட்!” அவள் கடைக்காரன் பக்கம் திரும்பினாள். குளத்தின் மறு கரைக்குக் கேட்கும் குரலில், “தம்பி! இந்தக் கடையிலேயே ரொம்ப மோசமான திரை எது? இருக்கறதுலயே மட்டமானது வேணும்!”

டானுவின் சிரிப்பு முதல்முறையாக நின்றது. பக்கத்துக் கடைகளிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். “மோசமானதா ம்பாக்? எங்ககிட்ட எல்லாமே நல்லது…”

“பரவாயில்ல, வெக்கப்படாதீங்க. நாங்க யார்கிட்டயும் சொல்லமாட்டோம்.”

வெனிங் தடுப்பதற்குள் ஒருவன் பின்கட்டிலிருந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். காட்சிக்கு வைத்து வைத்து வெளிச்சம் மங்கிப்போன பழைய ஒன்று. அதில் படத்தைப் போட்டபோது கெஞ்சரான் கடலில் சூரிய கிரகணம் பிடித்திருந்தது. பலுபியின் பற்கள் மட்டும் சிரித்தன.

“பிரமாதம்!” என்று கை தட்டினாள் பலுபி. “யாரு இது, கரி மூட்டை? வெளு ம்பாக், சீக்கிரம் வெளு!”

கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். டானு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வெனிங்குக்கும் அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தபோது பலுபியைப் பார்த்தாள். எல்லோரையும் சிரிக்கவைத்தவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரல் அந்த இருட்டுக் கன்னத்தின் மேல் மெதுவாக ஒரு முறை போய்வந்தது, அன்றைக்கு அந்த அம்மா தடவிய இடத்தில்.

அந்த விரலைப் பார்த்த பிறகு வெனிங்குக்குக் கடையில் வெகுநேரம் நிற்கப் பிடிக்கவில்லை. “அதைக் காட்டுங்க” என்று மூலையில் இருந்த ஒன்றைக் கை காட்டினாள். சாம்பல் நிறம். பளபளப்பில்லாத திரை. விசைகள் எரியவில்லை, ஆடவில்லை.

“அதுவா? அது நல்லதுதான் ம்பாக், ஆனா பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல” என்றான் டானு.

“இன்னொரு ஆனாவா?” என்றாள் பலுபி.

படம் திறந்தது. வெனிங் தாளைப் பக்கத்தில் பிடித்தாள். தாள் எங்கே முடிகிறது, திரை எங்கே ஆரம்பிக்கிறது என்று கேட்கும்படி இருந்தது. கடல் அன்று இருந்த சேற்று நிறத்தில் இருந்தது. வானம் அன்று இருந்த வெளிறலோடு இருந்தது. பலுபி அன்று இருந்த பலுபியாக இருந்தாள். இத்தனைக்கும் நடுவில் வெனிங் பழைய லேப்டாப்பில் இத்தனை நாளும் பார்க்காத ஒன்று கண்ணில் பட்டது. பலுபியின் கண்களைச் சுற்றி, நீச்சல் கண்ணாடி வெயிலை மறைத்து மறைத்து, இரண்டு வெளிர் வட்டங்கள். அவற்றை எதிரில் உட்கார்ந்து பேசும்போது தினமும் பார்க்கிறாள். படத்தில் கவனித்ததே இல்லை, கையிலிருந்த தாளில்கூட. பழைய திரைக்கு அது தெரிந்திருக்காது. டானு முதலில் காட்டிய லேப்டாப்பில் வெள்ளையில் கரைந்துபோயிருந்தது, மங்கல் லேப்டாப்பில் கறுப்பில் மூழ்கிப்போயிருந்தது.

“ஆந்தை” என்று தன்னையறியாமல் சொன்னாள். கினாஞ்சர் பலுபியைக் கூப்பிடும் பெயர் அது.

“அய்யோ, அது வேற தெரியுதா?” பலுபி முகத்தை மூடிக்கொண்டாள். “மொதல்ல அதை எடுத்துடு.”

வெனிங் சாம்பல் நிற லேப்டாப்பைத்தான் வாங்கினாள். பலுபி பாதிப் பணத்தைக் கொடுத்துவிட்டு, “அப்ப பாதி மூஞ்சி என் இஷ்டம்” என்றாள். டானு அவர்களுக்கு இலவசமாக ஒரு பையும், திரையைத் துடைக்க ஒரு துணியும் கொடுத்தான். கொடுக்கும்போது வெனிங்கின் காதருகே வந்து, “உங்க தங்கச்சிக்கு அந்த மோசமான லேப்டாப் நிஜமாவே வேணும்னா சொல்லுங்க. நல்லா குறைச்சுத் தர்றேன்” என்றான்.

மாடியில் சாப்பாட்டுக் கடைகளில் இடம் பிடித்து உட்கார்ந்தார்கள். பலுபி ராவோனே வாங்கினாள், பேசிப் பேசி ஆசை வந்துவிட்டதாம். வெனிங் தன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். வேலை செய்யும் மென்பொருளை ஏற்றி முடிக்கும்வரை பலுபி குழம்பைக் கையெட்டாத தூரத்தில், மேசையின் அந்த ஓரத்தில் வைத்து எட்டி எட்டிச் சாப்பிட்டாள்.

“பாரு, நான் திருந்திட்டேன்.”

படம் வந்தது. பலுபி ஸ்பூனைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு அக்காவின் தோளோடு தோள் சேர்த்து உட்கார்ந்தாள்.

“சரி. செய்.”

வெனிங்கின் கை தானாகப் போனது. அந்தக் கைக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. முகத்தைச் சுற்றி ஒரு கோடு, பிறகு வெளிச்சத்துக்கான பொத்தான், பிறகு வலது பக்கமாக ஒரு சின்னத் தள்ளல். கல்யாணப் பெண்ணின் பெயர் தெரியாமலே, சில சமயம் முகத்தையே சரியாகப் பார்க்காமலே, இத்தனை வருஷமாகச் செய்த வேலை. காய்கறி நறுக்கும் முன் கழுவுவது போல. கோடு போட்டாள். பொத்தானைத் தொட்டாள். அங்கே கை நின்றது.

பாண்டுங்கில் ஒரு வீடு. இன்னும் அவள் பார்த்திராத ஒரு கூடம். சுவரில் லாங்சாட் நிறத்தில் ஒருத்தி. கினாஞ்சர் அந்தக் கண்ணாடியில் தலை வாரிக்கொண்டிருக்கிறான். நல்ல பையன்தான், கேலி பேசத் தெரிந்தவன். தண்ணீர் கேன் போட ஒருவர் வருகிறார். கீழே பலுபி, குளத்திலிருந்து வந்த ஈரத் தலையோடு, கண்ணைச் சுற்றி இரண்டு வட்டங்களோடு, துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். எல்லோரையும்விட உரக்கப் பலுபிதான் சிரிக்கிறாள். பிறகு எல்லோரும் போனதும் விரல் கன்னத்துக்குப் போகிறது.

அந்த ‘ஆனா’வை அந்த அம்மா வாயால்தான் சொன்னார். காற்றோடு போயிருக்கும். அதற்கு நான் சட்டம் போட்டு மாட்டப்போகிறேன் என்று வெனிங் நினைத்தாள்.

“என்ன, ஹேங் ஆயிடுச்சா?” என்றாள் பலுபி. “ரேம் பத்தலயா?”

“லேப்டாப் நல்லாத்தான் இருக்கு.”

“அப்புறம்?”

வெனிங் போட்ட கோட்டை அழித்தாள். “முடி வாய்க்குள்ள போற இடம் நல்லா வந்திருக்கு உபி. அதை அப்படியே விட்டுடலாம்.”

“முடியை விடு. நிறம்.”

“நிறமும் நல்லா வந்திருக்கு.”

பலுபி நாற்காலியில் நிமிர்ந்தாள். “ம்பாக். ஊர்ல இருக்கறவளுக்கெல்லாம் செய்யற. போன வாரம் அந்த நோட்டரி பொண்ணுக்கு மூக்கையே மாத்தின. நான் உன் தங்கச்சி. எனக்கு மாட்டேங்கற?”

அது உண்மைதான். அடுத்த வாரமே இன்னொரு பெண் வருவாள், இன்னும் நாலு புள்ளி கேட்பாள், கை தானாகப் போகுமா போகாதா என்று அவளுக்கே தெரியவில்லை. பெரிய பேச்சு பேசுகிற தகுதி தனக்கு இல்லை என்று மட்டும் தெரிந்தது.

“நீ மட்டும் சுவத்துல வெள்ளையா நிக்கலாம்” என்றாள் பலுபி. சொன்ன பிறகு அவளுக்கே கொஞ்சம் கூசியிருக்க வேண்டும், குழம்புக் கிண்ணத்தைப் பார்த்தாள்.

“அவளோட நான் ஒரே வீட்டுல இருந்து பாத்துட்டேன் உபி.”

“யாரோட?”

“உங்க அத்தான் மொதல் சம்சாரத்தோட.” வெனிங் புன்னகைத்தாள். “நல்லவதான். ஒரு தொந்தரவு கிடையாது. ஆனா…”

“பாத்தியா, நீயும் ‘ஆனா’ போடற!”

“ஆமா. போடறேன்.”

பலுபிக்குச் சிரிப்பு வந்தது. வரக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். திரையில் இருந்தவள் கடிக்கவில்லை. முடியைத் துப்பிக்கொண்டு, ஆந்தைக் கண்ணோடு, வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள். மேசை துடைக்க வந்த பெண்மணி துணியோடு அப்படியே நின்று படத்தைப் பார்த்தார். பிறகு பலுபியைப் பார்த்தார்.

“உங்களோட கல்யாணமா ம்பாக்? அப்படியே நீங்கதான்” என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

பலுபி அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவளுக்குப் பிடித்ததா பிடிக்கவில்லையா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. தங்கையின் முகத்தில் அப்படி ஒன்றைப் படிக்க முடியாமல் போவது வெனிங்குக்குப் புதிதாக இருந்தது.

“நான் வேற யார்கிட்டயாவது குடுத்துச் செஞ்சுக்குவேன்.”

“ஃபைலைத் தர்றேன். அச்சகத்துல ஒருத்தன் இருக்கான், சுத்தமா செய்வான்.”

“கோவமா?”

“இல்ல.”

“அப்ப நீயே செய்யேன். ஒரு புள்ளி.”

“இல்ல உபி.”

பலுபி தலையை அக்காவின் தோளில் சாய்த்துக்கொண்டாள். குளோரின் வாசனை அடித்தது, எத்தனை தடவை தலைக்குக் குளித்தாலும் போகாத அந்த வாசனை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அரைப் புள்ளி ம்பாக். யாருக்கும் தெரியாது.”

வெனிங் லேப்டாப்பிலிருந்து கையை எடுத்துத் தங்கையின் தலைமேல் வைத்தாள்.

“இல்ல” என்றாள்.